ஆளுயர ஹாலோவீன் பொம்மை: கடையில் வாங்கலாமா, மரச்சட்டம் போட்டு நாமே செய்யலாமா? ஒரு முழுக் கணக்கு



நம்ம சேனலைப் பார்க்கிறவங்கள்ல கணிசமான பேர் அமெரிக்காவில் குடும்பத்தோட இருக்கீங்க. நியூ ஜெர்சியோ, டெக்சாஸோ, கலிபோர்னியாவோ, அக்டோபர் பிறந்தா உங்க தெரு எப்படி மாறும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டு வாசலில் சூனியக்காரி, பக்கத்து வீட்டில் எலும்புக்கூடு, எதிர்வீட்டில் கறுப்பு அங்கியும் அரிவாளுமா ஒரு உருவம். ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்க கேட்கிற கேள்வியும் ஒண்ணுதான்: "நம்ம வீட்ல எப்போ வைப்போம்?"

ஹாலோவீன் அக்டோபர் 31, ஒரே ஒரு ராத்திரி. அதுக்கு 250, 300 டாலர் கொடுத்து ஆளுயர பொம்மை வாங்கறதா? இல்லை, நாலு கட்டை வாங்கி நாமே சட்டம் அடிச்சு, துணி போட்டு நிறுத்தறதா? "செய்தால் மிச்சம்"னு ஒரு கூட்டம் சொல்லும். "உன் நேரத்துக்கு விலை இல்லையா"ன்னு இன்னொரு கூட்டம் கேட்கும். ரெண்டு பேருமே பாதிக் கணக்குதான் போடறாங்க. இன்னைக்கு மீதிப் பாதியையும் சேர்த்துப் போடுவோம்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். பிள்ளைங்க சந்தோஷத்துக்குச் செலவு பண்ணாதீங்கன்னு சொல்ற கட்டுரை இல்லை இது. எந்த இடத்தில் பணம் ஒழுகுதுன்னு தெரிஞ்சு செலவு பண்ணுங்கன்னு சொல்றது.

சந்தை எவ்வளவு பெரிசு?

அமெரிக்காவின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு வருஷா வருஷம் ஹாலோவீன் செலவு பற்றி மதிப்பீடு வெளியிடும். 2023-இல் அவங்க போட்ட மதிப்பீடு 1,220 கோடி டாலர். அதில் அலங்காரப் பொருட்களுக்கு மட்டும் சுமார் 390 கோடி. சாக்லேட், மிட்டாய்க்கு ஆகிற செலவை விட இது அதிகம். ஒரு ராத்திரிக்குப் பிறகு கழற்றி வைக்கப் போற பொருளுக்கு இவ்வளவு!

2020-இல் ஹோம் டிப்போ 12 அடி உயர எலும்புக்கூடு ஒன்றை 299 டாலருக்குக் கொண்டு வந்தது. அது விற்றுத் தீர்ந்த வேகத்தைப் பார்த்து, அதுக்கப்புறம் பெரிய பொம்மைகள் தனி வகையாகவே ஆயிடுச்சு. கை அசைக்கிற, கண் ஒளிர்ற ஆளுயர பொம்மைகள் இப்போ பெரும்பாலும் 150-லிருந்து 300 டாலருக்கு மேல் வரைக்கும் போகுது. இந்தக் கட்டுரை முழுக்க, கடை பொம்மைக்கு 250 டாலர்னு வெச்சுக்குவோம். நான் சொல்ற மற்ற விலைகளும் கணக்குக்காக எடுத்த தோராய விலைகள். உங்க ஊர்க் கடை விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

சட்டம் எப்படி அமையும்?

செய்முறை தெரியாமல் செலவு போட முடியாது. அதனால் முதலில் வேலையைப் பார்த்துடுவோம். நம்ம ஊர் சோளக்கொல்லை பொம்மையை நினைச்சுக்கோங்க. நட்ட கம்பு ஒண்ணு, குறுக்குக் கம்பு ஒண்ணு, மேலே சட்டை, தலைக்கு ஒரு பானை. இதுவும் அதேதான். வித்தியாசம் என்னன்னா, அதை மண்ணில் நட்டுடலாம். இது சிமென்ட் தரையில் தானாக நிற்கணும். அதனால் ஒரு பாதம் வேணும்.

இதுக்கு 2x4 என்கிற கட்டை, 8 அடி நீளத்தில் இரண்டு போதும். ஒரு விஷயம் கவனிங்க: பேர்தான் 2x4. உண்மையான அளவு ஒன்றரை அங்குலம், மூன்றரை அங்குலம். அறுத்து, உலர்த்தி, இழைச்ச பிறகு மிஞ்சுகிற அளவு அது. 1x2 சட்டமும் அப்படித்தான், கையில் வர்றது முக்கால் அங்குலம், ஒன்றரை அங்குலம். பெயரை நம்பி அளவு போட்டா போல்ட்டும் பொருந்தாது, இணைப்பும் பொருந்தாது.

வெட்டு அளவு இதோ:

- முதல் கட்டை: 60 அங்குலத்தில் ஒன்று, அது தூண். மீதியில் 35 அங்குலம், அது அடியில் முன்பின்னாக ஓடுகிற கட்டை.
- இரண்டாவது கட்டை: 24 அங்குலத்தில் இரண்டு, அவை பாதங்கள். 27 அங்குலத்தில் ஒன்று, அது சாய்வு முட்டு. 18 அங்குலத்தில் ஒன்று, அது தோள்பட்டை. கடைசியில் ரெண்டு, ரெண்டரை அங்குலத் துண்டு ஒண்ணு மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாதீங்க, வேலை இருக்கு.

96 அங்குலக் கட்டையில் 60-உம் 36-உம் சரியா வருமேன்னு தோணும். வராது. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம் தின்னும். அதனால்தான் 35.

அடியில் ஓடுகிற கட்டையைக் குத்தாக நிறுத்தி, அதன் ரெண்டு முனைக்கும் அடியில் பாதங்களைக் குறுக்காகப் படுக்க வெச்சு ஸ்குரூ போடுங்க. தூணை அந்தக் கட்டையின் நடுவில் பக்கவாட்டில் சேர்த்து ரெண்டு போல்ட். போல்ட் ஒண்ணு போட்டா தூண் அதையே அச்சாக வெச்சுச் சுத்தும், அதனால் ரெண்டு, மூலைக்கு மூலையாக. தூணிலிருந்து அடிக்கட்டையின் முனைக்குச் சாய்வாக முட்டு. முட்டு தூணின் வெளிப்பக்கம் படியும்போது, அடிக்கட்டை பக்கம் ஒன்றரை அங்குல இடைவெளி விழும். மிஞ்சின துண்டு அந்த இடைவெளிக்குத்தான்.

தூணின் உச்சியிலிருந்து 5, 6 அங்குலம் கீழே தோள்பட்டைக் கட்டையை ரெண்டு போல்ட்டில் மாட்டுங்க. மேலே மிஞ்சுகிற தூண்தான் கழுத்து. கைகளுக்கு 1x2 சட்டம்: மேல்கை 12 அங்குலம், கீழ்க்கை 12 அங்குலம். தோளில் ஒரு போல்ட், முழங்கையில் ஒரு போல்ட். இங்கே மட்டும் ஒற்றை போல்ட், ஏன்னா கை மடங்கணும். எல்லா இடத்திலும் காது வெச்ச விங் நட்டு போட்டா கையாலேயே திருகி இறுக்கலாம், கழற்றலாம். மொத்தம் பத்து போல்ட்.

தலைக்கு விக் மாட்டி வைக்கிற ஃபோம் தலை. தூண் உச்சியில் ஒரு மெல்லிய சட்டத் துண்டை ஸ்குரூ அடிச்சு அதில் குத்தி நிறுத்தலாம். நெஞ்சு, வயிறு, கைக்குச் சதை வேணும்னா கோழிக்கூண்டு வலையும், நீச்சல் குளத்தில் பிள்ளைங்க பிடிச்சு மிதக்கிற ஃபோம் குழாயும் போதும். எல்லாம் சேர்ந்து ஆறடிக்கு ஒன்றிரண்டு அங்குலம் குறைவா ஒரு ஆள் நிற்பார். நீள அங்கி போட்ட உருவமா இருந்தா காலே தேவையில்லை. பேன்ட் போடணும்னா, தூணைப் பாதத்தோட இணைக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. இணைச்ச பிறகு போட முடியாது.

செலவுப் பட்டியல்

ஒரு உருவத்துக்கு ஆகிற செலவு:

- 2x4 கட்டை இரண்டு: 8 டாலர்
- 1x2 சட்டம் இரண்டு: 4 டாலர்
- போல்ட், வாஷர், விங் நட்டு: 12 டாலர்
- ஸ்குரூ: 6 டாலர்
- ஃபோம் தலை: 8 டாலர்
- வலை, ஃபோம் குழாய்: 10 டாலர்
- மணல் மூட்டை, பைகள்: 12 டாலர்

மொத்தம் 60 டாலர். இதில் மரம் எவ்வளவு? வெறும் 12 டாலர். போல்ட்டும் அதே விலை!

"மரவிலை ஏறினால்?" நல்ல கேள்வி. 2021 மே மாதம் அமெரிக்காவில் மரத்தின் முன்பேரச் சந்தை விலை ஆயிரம் போர்டு அடிக்கு 1,600 டாலரைத் தாண்டியது. 8 அடி 2x4 கட்டை ஒன்று கணக்குப்படி 5.33 போர்டு அடி. அந்த உச்ச விலையிலேயே போட்டாலும் ஒரு கட்டைக்கு எட்டரை டாலர்தான் வருது. சில்லறைக் கடை லாபத்தைச் சேர்த்தாலும் ரெண்டு கட்டைக்கு 20 டாலரை ஒட்டித்தான் நிற்கும். ஆக, மரவிலை இரட்டிப்பானாலும் உங்க முடிவு மாறாது. ஒரு செலவு இரண்டு மடங்கானாலும் முடிவு மாறலைன்னா, அதைப் பற்றிக் கவலைப்படறதை நிறுத்திட்டு அடுத்த செலவைப் பாருங்க. பெரிய பெரிய பிசினஸ் திட்டங்களுக்கும் நாங்க இப்படித்தான் கணக்குப் பார்க்கிறோம்.

இன்னொரு யோசனை வரும்: கடைகளுக்குப் பின்னாடி ஓசியில் கிடைக்கிற மரப் பேலட்டை உடைச்சுக்கலாமே? செய்யலாம். கேட்டுட்டு எடுங்க. பலகையில் முத்திரை பாருங்க. ஹெச்.டி. என்று இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்கிற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது, தொடாதீங்க. அதே மாதிரி, பழைய டெக்கிலிருந்து பிரிச்ச கட்டையும் வேண்டாம். 2003 கடைசி வரைக்கும் அமெரிக்க வீடுகளுக்கு வந்த பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து பரவலாக இருந்தது. 12 டாலர் மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளைங்க தொடற பொருளில் அதைக் கொண்டு வரக் கூடாது.

ஐந்து வருஷக் கணக்கு

இப்போ கணக்குக்கு வருவோம். இங்கே ரெண்டு வகைச் செலவு இருக்கு. சட்டம் மூலதனச் செலவு, ஒரு தடவை போட்டா பல வருஷம் உழைக்கும். உடை நடப்புச் செலவு, வருஷா வருஷம் மாறும். இந்த வருஷம் சூனியக்காரி, அடுத்த வருஷம் கடற்கொள்ளைக்காரன். குட்வில் மாதிரி பழைய துணிக் கடையில் வாங்கினா வருஷத்துக்கு 15 டாலர்னு வைப்போம்.

செய்தால்: சட்டம் 60, உடை 5 x 15 = 75. மொத்தம் 135. வருஷத்துக்கு 27 டாலர்.

வாங்கினால்: 250. ஐந்து வருஷமும் மோட்டார் வேலை செய்தால் வருஷத்துக்கு 50. மூணாவது வருஷத்தோட நின்னுபோனால் 83.

"பார்த்தீங்களா, செய்தால்தான் லாபம்!"னு பெரும்பாலான வீடியோக்கள் இந்த இடத்தில் முடிஞ்சிடும். நாம முடிக்கப் போறதில்லை. இதில் மூணு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை: கருவி

வீட்டில் டிரில் இருக்கா? ரம்பம்? டிரில் பிட்? ஒண்ணுமே இல்லாத வீட்டில் பேட்டரி டிரில் 70, கை ரம்பம் 15, பிட், டேப் எல்லாம் 15 என்று 100 டாலர் கூடுதலாகப் போகும். 135 இப்போ 235. வருஷத்துக்கு 47. கடை பொம்மை 50. ஐந்து வருஷம் பாடுபட்டு, வருஷத்துக்கு 3 டாலர் மிச்சம்!

ஆனா இதைக் குறைக்க வழி இருக்கு. ஹோம் டிப்போ, லோவ்ஸ் போன்ற கடைகளின் பெரும்பாலான கிளைகளில் வாங்கின கட்டையை அங்கேயே வெட்டிக் கொடுப்பாங்க. வெட்டு அளவை எழுதிக்கிட்டுப் போங்க. மில்லிமீட்டர் சுத்தமா இருக்காது, இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. இன்னொரு லாபம், 8 அடிக் கட்டை சின்னக் காரில் ஏறாது, வெட்டின துண்டு ஏறும். டிரில்லைப் பக்கத்து வீட்டில் ஒரு மத்தியானத்துக்குக் கேளுங்க. பல ஊர்களில் புத்தகம் மாதிரி கருவிகளை இரவல் தர்ற நூலகங்களும் இருக்கு. கலிபோர்னியாவின் பெர்க்லி பொது நூலகம் 1979-லிருந்து இதைச் செய்யுது. உங்க ஊர் நூலகத்தில் ஒரு வார்த்தை விசாரிச்சுப் பாருங்க.

வாங்கித்தான் ஆகணும்னா வாங்குங்க, ஆனா முழு 100 டாலரையும் பொம்மை தலையில் கட்டாதீங்க. அந்த டிரில் திரைச்சீலை மாட்டவும் அலமாரி அடிக்கவும் வரும்னா, பாதியை அந்தக் கணக்கில் எழுதலாம். "வரும்னா" என்கிற வார்த்தையை நேர்மையாப் பாருங்க. போன வருஷம் முழுக்க டிரில் தேவைப்பட்ட நாள் எத்தனைன்னு விரல் விட்டு எண்ணுங்க. பூஜ்யம்னா பூஜ்யம்தான்.

இரண்டாவது ஓட்டை: உடை

15 டாலர்னு போட்டேன் இல்லையா? கடையில் நிற்கும்போது அது 15-இல் நிற்காது. ஒரு முகமூடி, ஒரு ஜோடி எலும்புக் கை, கண்ணுக்கு ரெண்டு எல்.இ.டி. விளக்கு, 40 டாலர் தாண்டிடும். அப்போ ஐந்து வருஷத்துக்கு 60 + 200 = 260. கருவி ஓசியில் கிடைச்சும் கடை பொம்மையை விட 10 டாலர் அதிகம்!

ஆக, சட்டத்தின் செலவு உங்களைக் கவிழ்க்காது, அது முதல் வருஷத்தோட முடிஞ்சுபோச்சு. சத்தமில்லாமல் வளர்றது உடைதான். பிள்ளைங்க கையில் 15 டாலரைக் கொடுத்து, "இதுக்குள்ள ஆளை மாத்திக் காட்டு"ன்னு சொல்லுங்க. அப்பாவின் பழைய கோட், கிழிஞ்ச போர்வை, போன வருஷத்துத் தொப்பி, எல்லாம் வெளியே வரும். பட்ஜெட்னா என்னன்னு ஒரு எட்டு வயசுப் பிள்ளைக்கு இதை விட நல்லா யாரும் சொல்லித்தர முடியாது. வாங்கறதை நவம்பர் 1-க்கு அப்புறம் வாங்குங்க. பண்டிகை முடிஞ்ச மறுநாளே கடைகளில் தள்ளுபடி ஆரம்பிச்சுடும். அடுத்த வருஷ உடை இந்த வருஷ மிச்சச் சரக்கிலிருந்து.

மூன்றாவது ஓட்டை: இடம்

இதுதான் பெரிய ஓட்டை. வருஷத்தில் ஒரு மாசம் வாசலில் நிற்கிறவர், மீதி 11 மாசம் எங்கே இருப்பார்?

அடித்தளமும் கராஜும் உள்ள சொந்த வீடுன்னா பிரச்சினை இல்லை. ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்டில் இருக்கிறவங்க யோசிங்க. சாமான் சேர்ந்துபோய் வெளியே ஒரு ஸ்டோரேஜ் அறை எடுத்து, மாசம் 50 டாலர்னு போனா வருஷத்துக்கு 600, ஐந்து வருஷத்துக்கு 3,000. பொம்மை 60-ஆ 250-ஆன்னு பேசினதுக்கே அர்த்தமில்லாமல் போயிடும். அந்த அறையைப் பொம்மைக்காக மட்டும் யாரும் எடுக்க மாட்டாங்க, ஒத்துக்கறேன். ஆனா "இடம் பத்தலை"ன்னு அறை எடுக்க வைக்கிறது இப்படிப்பட்ட பொருட்கள்தான்.

போல்ட்டும் விங் நட்டும் போடச் சொன்னது இதுக்காகத்தான். பசை போட்டு, ஆணி அடிச்சு நிரந்தரமாகச் செய்தால் ஆறடி உயர ஆள் ஒருத்தரை வீட்டில் குடி வைக்கணும். போல்ட்டில் செய்தால் பத்து நிமிஷத்தில் பிரிச்சு, 60 அங்குலத் தூணைக் கதவுக்குப் பின்னால் சாய்ச்சு வைக்கலாம். பாதம் மட்டும் பிரியாமல் ஒரே துண்டா இருக்கும், கட்டிலுக்கு அடியில் தள்ளிடலாம். போல்ட்டை எல்லாம் ஒரு பையில் போட்டுத் தூணிலேயே கட்டிடுங்க. எந்தக் கட்டை எதோட சேரும்னு மார்க்கரில் எண் எழுதுங்க.

நம்ம வீட்டுக்கு இது ஒண்ணும் புதுசில்லை. கொலுப்படியைப் பாருங்க. வருஷத்தில் ஒன்பது, பத்து நாள் நிற்குது, மீதி நாள் பிரிச்சு அட்டத்தில் கிடக்கு. படி அதேதான், பொம்மைதான் வருஷத்துக்கு ஒண்ணு கூடும். நவராத்திரியும் ஹாலோவீனும் பெரும்பாலும் ஒரு மாச இடைவெளிக்குள்ளேயே வருது. கொலு வைக்கிற வீடுன்னா ரெண்டுக்கும் ஒரே அலமாரி மூலையை ஒதுக்கிடுங்க.

கீழே விழுந்தால் என்ன செலவு?

மணல் மூட்டைக்கு 12 டாலர் எதுக்குன்னு சிலர் நினைச்சிருப்பீங்க. அந்தப் பட்டியலில் வெட்டவே கூடாத செலவு அதுதான்.

காற்று மணிக்கு 30 மைல் வேகத்தில் அடிச்சா ஒரு சதுர அடிக்குச் சுமார் 2.3 பவுண்டு அழுத்தம். உடை போட்ட உருவத்துக்கு முன்பக்கப் பரப்பு ஒரு 8 சதுர அடி. ஆக 18 பவுண்டு விசை, தரையிலிருந்து மூணடி உயரத்தில் தள்ளுது. அதைத் தாங்க, முன்பின் நீளம் மூணடி உள்ள இந்தப் பாதத்தின் மேல் குறைஞ்சது 37 பவுண்டு எடை இருக்கணும். நம்ம சட்டம் சுமார் 20 பவுண்டுதான். அதாவது மூட்டை இல்லைன்னா ஆள் விழுந்துடுவார். 50 பவுண்டு மணலை ரெண்டு பையாகப் பிரிச்சு முன்பாதத்தில் ஒண்ணு, பின்பாதத்தில் ஒண்ணு வெச்சா 70 பவுண்டு ஆயிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அதனால் புயல் எச்சரிக்கை வந்தாலோ, விரியும் அங்கி போட்டிருந்தாலோ, மூட்டையை நம்பாமல் உள்ளே எடுத்து வெச்சுடுங்க.

அன்னைக்கு ராத்திரி உங்க வாசலுக்கு வர்றது ஊர்ப் பிள்ளைங்க. இருட்டு, முகமூடி, கையில் மிட்டாய்ப் பை. யார் கால் பாதக் கட்டையில் தடுக்கினாலும் பொறுப்பு உங்க தலையில் வரலாம். வீட்டு உரிமையாளர் இன்சூரன்சிலும் வாடகைதாரர் இன்சூரன்சிலும் பொதுவாக மற்றவருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு சேர்ந்தே இருக்கும், பெரும்பாலும் 1 லட்சம் டாலரில் தொடங்கும். வாடகை வீட்டில் இருந்துக்கிட்டு அந்த இன்சூரன்ஸ் எடுக்காதவங்க, பொம்மையை விட்டுட்டு முதலில் அதைப் பாருங்க. இருக்கிறவங்க பாலிசியை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் படிங்க.

கூடவே நாலு விஷயம். பாதையிலிருந்து மூணடி தள்ளி நிறுத்துங்க. பாதக் கட்டை முனையில் ஒளிரும் டேப் ஒட்டுங்க. துணி உடுத்தின உருவத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். குடியிருப்போர் சங்கம் உள்ள பகுதின்னா, அலங்காரம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வைக்கலாம்னு விதி இருக்கான்னு பார்த்துடுங்க. அபராதக் கடிதம் வந்தா அதுவும் பொம்மை செலவுதான்.

என் நேரத்துக்கு விலை இல்லையா?

முதல் தடவை செய்யறவங்களுக்குக் கடைக்குப் போக வர, வெட்ட, மாட்ட எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் ஆகும்னு வைப்போம். "என் சம்பளம் மணிக்கு 50 டாலர், அப்போ 300 டாலர் நஷ்டம்" என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுத்தும். மாதச் சம்பளக்காரருக்கு இது தப்பான கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நீங்க கட்டை வெட்டலைன்னா கம்பெனி கூடுதலா 300 டாலர் கொடுக்கப் போறதில்லை. கைவிட்ட வருமானம் பூஜ்யம். மணிக்கணக்கில் சம்பாதிக்கிறவர், அன்னைக்கு உண்மையிலேயே வேலை இருந்து அதை விட்டுட்டு வந்தார்னா, அவருக்கு அந்த 300 நிஜச் செலவு. அவர் பொம்மையைக் கடையில் வாங்கறதுதான் சரி.

நல்லா வருதே, செய்து விற்கலாமா?

ரெண்டு வருஷம் செய்தா கை பழகிடும். தெருவில் நாலு பேர் கேட்பாங்க. 60 டாலர் சரக்கை 150-க்கு விற்கலாம்னு தோணும். இந்த இடத்தில் தயவுசெய்து ஒரு நிமிஷம் நிதானிங்க.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறவர் தன்னை ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். வாரக் கடைசியில் பொம்மை செய்து தொடர்ந்து விற்கிறது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். வேலை அனுமதி அட்டை இல்லாத ஹெச்-4 துணைவருக்கும், எஃப்-1 மாணவருக்கும் இதே ஆபத்து உண்டு. 90 டாலர் லாபத்துக்காகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற உங்க கோப்பில் கறை விழக் கூடாது. நண்பருக்குச் சும்மா செய்து கொடுங்க, சந்தோஷமா இருக்கும். காசு வாங்கறதுக்கு முன்னாடி குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்க.

கிரீன் கார்டு உள்ளவங்க, குடிமக்கள் தாராளமா விற்கலாம். ஆனா வரி இருக்கு. தொழிலாகச் செய்தால், செலவு போக நிகர லாபம் வருஷத்துக்கு 400 டாலரைத் தொட்டாலே வருமான வரியோட சுயதொழில் வரியும் உண்டு, அதன் விகிதம் 15.3 சதவீதம். பொழுதுபோக்காகச் செய்தால், வந்த பணம் வருமானத்தில் சேரும். ஆனா 2018-லிருந்து அதற்கான செலவைக் கழிக்க முடியாது. "ஆன்லைன் தளம் எனக்கு 1099-கே படிவம் அனுப்பலை, அதனால் வரி இல்லை" என்கிறதும் தப்பு. அந்தப் படிவத்துக்கான 20,000 டாலர், 200 பரிவர்த்தனை என்கிற எல்லை, தளம் எப்போ தகவல் கொடுக்கணும் என்பதற்கானது. உங்க வரிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. விற்பனை வரிக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற. உங்க ஊர் சிபிஏவிடம் ஒரு தடவை பேசிடுங்க.

அப்போ யார் எதைச் செய்யணும்?

- டிரில் இருக்கு அல்லது இரவல் கிடைக்கும், இன்னும் நாலைந்து வருஷம் இதே ஊர்தான்: தயங்காமல் செய்யுங்க. வருஷத்துக்கு 27 டாலரில் முடியும்.
- கருவி எதுவும் இல்லை, ஒரே ஒரு பொம்மைதான் வேணும்: பணக் கணக்கில் ரெண்டும் ஒண்ணுதான். பிள்ளைங்களோட சேர்ந்து செய்யப் பிடிச்சா செய்யுங்க, மிச்சம் பிடிக்க மட்டும்னா வேண்டாம்.
- ரெண்டு, மூணு பொம்மை வேணும்: கருவி வாங்கிச் செய்யறது லாபம். ரெண்டுக்கு ஐந்து வருஷத்தில் 120 + 150 + 100 = 370, கடையில் 500.
- ரெண்டு வருஷத்தில் ஊர் மாறுவீங்க: கடை பொம்மையைப் பயன்படுத்திட்டு நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுடுங்க. நாம அடிச்ச சட்டத்துக்கு மறுவிற்பனை விலை கிடைக்கிறது கஷ்டம்.
- வைக்க இடமே இல்லை: பிரிக்கிற சட்டம், அல்லது ஒரு பூசணிக்காய். பூசணியை நவம்பரில் எங்கே வைக்கிறதுன்னு யாரும் கவலைப்பட வேண்டாம்.
- எந்த வழியில் போனாலும் பொம்மைக்குத் தவணை போடாதீங்க. அடுத்த ஹாலோவீன் வரைக்கும் கட்டிக்கிட்டு இருக்கிற அளவுக்கு எந்த எலும்புக்கூடும் தகுதி கிடையாது.

செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டா, செப்டம்பர் கடைசி வாரமே வெட்டு அளவை எழுதிக்கிட்டுக் கடைக்குப் போங்க. ஒரு சின்ன நோட்டில் இந்த வருஷச் செலவை வரி வரியா எழுதி, போல்ட் பையோடவே வெச்சுடுங்க. அடுத்த அக்டோபரில் பையைத் திறக்கும்போது உடைக்கு எவ்வளவு போச்சுன்னு அதிலேயே தெரிஞ்சிடும்.

உங்க ஊரில் கட்டை என்ன விலை, மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு கமெண்டில் எழுதுங்க. என் 60 டாலர் கணக்கை விடக் குறைவா முடிச்சவங்க எப்படி முடிச்சீங்கன்னு கட்டாயம் சொல்லுங்க. அடுத்த வீடியோவில் வாடகைதாரர் இன்சூரன்ஸ் பாலிசியை வரி வரியா படிக்கலாம்.